கட்டில் இருக்கும் தெரு

எங்கள் நற்பணி மன்றத்துக்கு நாற்பது வயது ஆகிவிட்டதாம். அதற்கு ஒரு மலர் போட வேண்டும், வரலாற்றை நீங்கள்தான் எழுதித் தர வேண்டும் என்று தலைவர் என் மருந்துக்கடை வாசலில் வந்து நின்றார். அவர் அச்சகம் வைத்திருப்பவர். கல்யாணமானாலும் கருமாதியானாலும் பக்கக் கணக்கில்தான் பேசுவார்.

"ரெண்டு பக்கம் போதும்மா. யார் ஆரம்பிச்சாங்க, யார் யார் தலைவரா இருந்தாங்க, என்னென்ன செஞ்சோம். அவ்ளோதான். வளவளன்னு இழுத்துடாதீங்க."

இழுக்காமல் எழுதிக் கொடுத்துவிட்டேன். ரிப்பன் வெட்டியது, பலகை மாட்டியது, கண் பரிசோதனை முகாம், ரத்ததான முகாம், மரக்கன்று நட்டது எல்லாம் வந்துவிட்டது. நட்ட கன்றுகளில் பாதியை ஆடு தின்றுவிட்டது என்பதை மட்டும் விட்டுவிட்டேன். வெல்டர் அண்ணனுக்கு அதில் ஒரே ஒரு வரிதான் கிடைத்தது. 'நோயாளிகளுக்கான கட்டில்களைப் பராமரித்து வந்தார்.' எழுதிவிட்டுப் படித்துப் பார்த்தபோது எனக்கே என் மேல் எரிச்சலாக வந்தது.

அதனால்தான் இதைத் தனியாக எழுதுகிறேன். அண்ணன் போய்விட்டார். அண்ணி அவருக்கு முன்பே போய்விட்டார். தையல்காரர் வீட்டு அக்காவும் போய்விட்டார். இனி இதைச் சொன்னால் மனசு புண்படுவதற்கு யாரும் மிச்சமில்லை.

எங்கள் மன்றம் ரிப்பன் வெட்டி ஆரம்பித்தது இல்லை. அண்ணனின் அப்பாவுக்கு வந்த மூச்சு முட்டலில் ஆரம்பித்தது. அவருக்கு நுரையீரல் கெட்டுப்போயிருந்தது. படுத்தால் மூச்சு வராது, உட்கார்ந்தால்தான் வரும். ஒரு மனிதர் எத்தனை நாள் உட்கார்ந்துகொண்டே தூங்குவார்? அண்ணனுக்கு அப்போது கல்யாணமான புதிது. கேட்டும் ஜன்னல் கம்பியும் செய்கிற சின்னப் பட்டறை வைத்திருந்தார். ஆஸ்பத்திரியில் ஒரு முறை பார்த்த கட்டிலை மனசில் வைத்துக்கொண்டு, பழைய இரும்புக் குழாய்களையும் லாரி ஜாக்கியின் திருகையும் சேர்த்து ஒரு கட்டில் செய்தார். கால்மாட்டில் ஒரு கைப்பிடி இருக்கும். அதைச் சுற்றினால் தலைப்பக்கம் மெல்ல எழும்பும்.

"அதுல சாஞ்சு படுத்த அன்னைக்குத்தான் மாமா குறட்டை விட்டார்" என்று அண்ணி பல தடவை சொல்லியிருக்கிறார். "நாங்க ரெண்டு பேரும் பாட்டு கேக்கற மாதிரி அதைக் கேட்டுட்டு உக்காந்திருந்தோம்."

அப்பா போன பிறகு கட்டில் பட்டறை மூலையில் கிடந்தது. பக்கத்துத் தெருப் பால்காரர் தன் அம்மாவுக்காக வந்து கேட்டார். அவர் திருப்பிக் கொடுப்பதற்குள் இன்னொரு வீட்டிலிருந்து கேட்டார்கள். இரண்டாவது கட்டில் செய்ய இரும்பு வாங்க வேண்டியிருந்தது, நாலு பேர் சேர்ந்து கை கொடுத்தார்கள். அந்த நாலு பேர்தான் மன்றம். பலகையும் ரிப்பனும் நாற்காலிச் சண்டையும் பிற்பாடு வந்தவை. கட்டிலும் போகப் போக நாலானது. ஊரில் அந்தக் கட்டிலுக்குத் 'தலைதூக்கி' என்று பெயர் விழுந்துவிட்டது. "இந்த ஊர்ல தலைதூக்கின ஒரே ஆள் நம்ம கட்டில்தான்" என்று அண்ணன் சிரிப்பார்.

மன்றத்தின் அலுவலகம் அச்சகத்துக்கு மேலே மாடியில் இருக்கிறது. படி குறுகல், கட்டில் ஏறாது. ஆகவே தீர்மானங்கள் மாடியில் கிடந்தன, கட்டில்கள் பட்டறையில் கிடந்தன. ஊருக்கு உபயோகப்பட்டது எது என்று நான் சொல்ல வேண்டியதில்லை. என் வீட்டுக்காரர் இருந்தவரை அவர் மன்றத்துச் செயலாளர். அவர் போன பிறகு மருந்துக்கடையும் மன்றமும் சேர்ந்தாற்போல் என் தலையில் விழுந்தன. ஒரு வீட்டில் படுக்கையாகிவிட்டார்கள் என்றால் அந்தச் செய்தி முதலில் என் கடைக்குத்தான் வரும். நான் ஆள் அனுப்பினால் அண்ணன் தள்ளுவண்டியில் கட்டிலை ஏற்றிக்கொண்டு கிளம்பிவிடுவார்.

வண்டி தெருவில் வரும்போது பேச்சு நின்றுவிடும். தலைதூக்கி வந்தால் அந்த வீட்டு ஆள் பிழைக்க மாட்டார் என்று ஊரில் ஒரு பயம். பயத்தையும் குறை சொல்ல முடியாது, பெரும்பாலும் அப்படித்தான் நடந்தது. அதனால் அண்ணன் ஒரு வழக்கம் வைத்திருந்தார். கட்டிலை அறையில் போட்டு, மெத்தையை விரித்ததும், நோயாளியின் கண் முன்னாலேயே அதில் தான் ஏறிப் படுத்துக்கொள்வார். வீட்டு ஆளை விட்டுக் கைப்பிடியைச் சுற்றச் சொல்வார். தலை எழும்ப எழும்ப, "போதும் போதும், சினிமா பாக்கற மாதிரி இருக்கு" என்பார். நோயாளி சிரித்த பிறகுதான் இறங்குவார்.

இன்னொரு வழக்கம் இருந்தது. அதுதான் இந்தக் கதை.

மன்றம் தொடங்கிய புதிதில் ஒரு பேருந்து ஓட்டுநர் வீட்டுக்குக் கட்டில் போயிருந்தது. வேறொரு வீட்டில் அவசரமாகக் கேட்டார்கள். அப்போதைய பொருளாளர், நல்ல மனிதர்தான், வாய்தான் கொஞ்சம் நீளம், ஓட்டுநர் வீட்டு வாசலில் நின்றுகொண்டு, "கட்டில் எப்போ காலியாகும்னு தெரிஞ்சா சௌகரியமா இருக்கும்" என்று கேட்டுவிட்டார். உள் அறையில் படுத்திருந்த ஓட்டுநர் காதில் அது விழுந்துவிட்டது. "அடுத்த ஸ்டாப்புல இறங்கிடறேன்னு சொல்லு" என்றாராம் மனைவியிடம். அந்த வாரமே இறங்கிவிட்டார்.

இதைக் கேட்ட அன்றைக்கு அண்ணன் சாப்பிடவில்லை என்று அண்ணி சொன்னார். மறுநாள் நாலு பேரையும் பட்டறைக்குக் கூப்பிட்டுச் சொல்லிவிட்டார். கட்டிலைக் கொடுத்த வீட்டில் நம் ஆள் யாரும் அதைப் பற்றிக் கேட்கக் கூடாது. அவர்களாகச் சொல்லி அனுப்ப வேண்டும், அதுவரை வாயைத் திறக்கக் கூடாது. உயிர் போன பிறகும் அப்படித்தான். சில பேருக்கு அந்த மெத்தையில் இருக்கிற பள்ளத்தைப் பிரிய மனசு வராது. ஒரு தாய் தன் மகன் கிடந்த கட்டிலை அவன் போய் ஒரு வருடம் கழித்துத்தான் கொடுத்தார். அண்ணன் வாங்கிக்கொண்டு, ஏன் இவ்வளவு நாள் என்று கண்ணால்கூடக் கேட்கவில்லை.

அதோடு விடவில்லை. கட்டில் இருக்கும் தெருவில் அவர் நடப்பதையே நிறுத்திவிட்டார். தன்னைப் பார்த்தால் அந்த வீட்டுக்காரர்களுக்கு, 'கட்டில் காலியாகிவிட்டதா என்று பார்க்க வந்திருக்கிறார்' என்று தோன்றுமாம். எவ்வளவு தூரமானாலும் சுற்றிக்கொண்டுதான் போவார். அவர் பட்டறைக்குப் போகிற வழியை வைத்தே எந்தத் தெருவில் படுக்கையாக இருக்கிறார்கள் என்று ஊர் தெரிந்துகொள்ளும். "அண்ணன் இன்னைக்குச் சந்தைப் பக்கமா சுத்திப் போறாரே, பள்ளிக்கூடத் தெருவுல யாருக்கு என்ன?" என்று என் கடையில் வந்து விசாரிப்பார்கள். ஒரு சமயம் நாலு கட்டிலும் நாலு தெருவில் இருந்தபோது, கூப்பிடு தூரத்தில் இருக்கிற பட்டறைக்கு ஊரையே வலம் வந்து போனார். "பேசாம ஒரு ஹெலிகாப்டர் வாங்கிக் கொடுங்கம்மா உங்க மன்றத்துல" என்று அண்ணி என்னிடம் குறைப்பட்டுக்கொண்டார்.

அவர்களுக்குப் பிள்ளைகள் இல்லை. அண்ணிக்கு அண்ணன், அண்ணனுக்கு அண்ணி, இரண்டு பேருக்கும் அந்த நாலு கட்டில். வயதாகி, கை நடுங்கத் தொடங்கிய பிறகு அண்ணன் வெல்டிங் வேலையை விட்டுவிட்டார். பட்டறையை இன்னொருவருக்கு வாடகைக்கு விட்டார், கட்டில்கள் நிற்கிற மூலையை மட்டும் விடவில்லை. தினமும் போய்த் திருகுகளுக்கு எண்ணெய் போட்டு வைப்பார்.

தையல்காரருக்கு முதலில் மூச்சுத்தான் முட்டியது. அப்புறம் இடுப்பும் விழுந்து படுக்கையாகிவிட்டார். அவர் வீடு அண்ணன் வீட்டிலிருந்து பட்டறைக்குப் போகிற நேர் தெருவில் இருந்தது. அண்ணன் வழக்கம்போல் கட்டிலைப் போட்டு, படுத்துக் காட்டி, சிரிக்க வைத்துவிட்டு வந்தார். மறுநாளிலிருந்து அந்தத் தெருவை விட்டுவிட்டார். தையல்காரர் பல மாதம் கிடந்து, போய்ச் சேர்ந்தார். கட்டில் திரும்பி வரவில்லை. அவர் மனைவியிடமிருந்து ஒரு சொல்லும் வரவில்லை. அந்த அக்காவுக்கு முழங்கால் வலி, வெளியே வருவது குறைவு. மகள் வெளியூரில் கட்டிக்கொடுத்த இடத்தில் இருந்தாள். நாங்கள் கேட்கவில்லை. அண்ணன் சுற்றிப் போய்க்கொண்டிருந்தார்.

அந்தச் சமயம் பார்த்துத்தான் அண்ணி விழுந்தார்.

இதயம் பலவீனமாகி நுரையீரலில் நீர் கோத்துக்கொண்டது. ஆஸ்பத்திரியில் கொஞ்ச நாள் வைத்திருந்துவிட்டு, இனி வீட்டிலேயே வைத்துப் பார்த்துக்கொள்ளுங்கள் என்று அனுப்பிவிட்டார்கள். அப்படிச் சொன்னால் என்ன அர்த்தம் என்று மருந்துக்கடைக்காரிக்குத் தெரியாதா? படுத்தால் மூச்சு முட்டியது. உட்கார்ந்தால்தான் வந்தது. முப்பது வருடத்துக்கு முன்னால் மாமனாருக்கு வந்த அதே கஷ்டம்.

மூன்று கட்டில்கள் மூன்று வீடுகளில் இருந்தன. மூன்றிலும் உயிரோடு ஆள் இருந்தது. நாலாவது, தையல்காரர் வீட்டில்.

எனக்கு ஆத்திரம் தாங்கவில்லை. அண்ணன் வீட்டுக்குப் போய், "நான் போய்க் கேட்டு வாங்கிட்டு வரேன். நீங்க கேக்க வேண்டாம், நான் கேக்கறேன்" என்றேன்.

"நீ கேட்டா என்ன, நான் கேட்டா என்ன? மன்றம் கேட்டதுதான்."

"அந்தக் கட்டில்ல ஆளே இல்லண்ணே. அவர் போய் மாசக்கணக்காச்சு."

"அந்தம்மா அதுலதான் படுத்துத் தூங்குதோ என்னமோ. ஒருத்தரை எழுப்பி எடுத்துட்டு வந்து இவளைப் படுக்க வெச்சா, இவ தூங்குவாளா?"

அண்ணி கட்டிலில் உட்கார்ந்திருந்தார். சாதாரண மரக்கட்டில். சுவரோரமாக ஒரு நாற்காலியைக் கவிழ்த்துப் போட்டு, அதன் முதுகுச் சரிவில் தலையணைகளை அடுக்கி, அதில் சாய்ந்திருந்தார். கொஞ்ச நேரத்தில் தலையணை சரியும், அவரும் சரிவார், மூச்சு இழுக்கும், மறுபடி தூக்கி உட்கார வைக்க வேண்டும்.

"விடும்மா" என்றார் அண்ணி, ஒவ்வொரு சொல்லாக. "கட்டில்காரர் பொண்டாட்டிக்குக் கட்டில் இல்லன்னு... வெளிய சொல்லாத. சிரிப்பாங்க."

அண்ணன் என்னிடம் இன்னொன்றும் சொன்னார். இவளுக்கு முடியவில்லை என்கிற செய்தி தையல்காரர் வீட்டுக்கு எட்டவே கூடாது. எட்டினால் அந்தம்மா பதறிப்போய்க் கட்டிலை அனுப்பிவிடும், அதுவும் கேட்டதற்குச் சமம்தான். கடைக்கு வருகிறவர்களிடம் எல்லாம், அந்த வீட்டில் மட்டும் சொல்லிவிடாதீர்கள் என்று நான் சொல்ல வேண்டும் என்றார். சொன்னேன். பல்லைக் கடித்துக்கொண்டு சொன்னேன். எங்கள் ஊரில் ஒரு ரகசியம் தங்காது, இந்த ஒன்று தங்கியது. அந்தத் தெருக்காரர்கள் அத்தனை பேரும் வாயை மூடிக்கொண்டார்கள்.

மன்றம் சும்மா இருந்தது என்று சொல்ல மாட்டேன். தலைவர் அவசரக் கூட்டம் போட்டார். புதுக் கட்டில் வாங்குவது என்று தீர்மானம் போட்டார்கள். எந்தக் கம்பெனியில் வாங்குவது என்று பார்க்க ஒரு குழு போட்டார்கள். குழுவுக்கு யார் தலைவர் என்பதில் கொஞ்சம் மனஸ்தாபம் வந்து சரியானது. நகரத்தில் வாடகைக்குக் கொடுக்கிற கடையில் காத்திருக்கச் சொன்னார்கள். பட்டறையை வாடகைக்கு எடுத்தவர் தானே ஒன்று செய்கிறேன் என்று இறங்கினார். அண்ணன் பக்கத்தில் உட்கார்ந்து சொல்லிக் கொடுத்தால் சீக்கிரம் முடிந்திருக்கும். அவரால்தான் நகர முடியவில்லையே.

ஏனென்றால் கடைசியில் அவரேதான் அண்ணிக்குச் சாய்மானமாக இருந்தார். நாற்காலியை எடுத்துவிட்டுச் சுவரில் முதுகைச் சாய்த்து உட்கார்ந்துகொள்வார். அண்ணி அவர் நெஞ்சில் சாய்ந்துகொள்வார். அப்படியே பகலும் இரவும். நான் மருந்து கொண்டு போகும்போதெல்லாம் அப்படித்தான் பார்த்தேன். அவருக்குக் கால் மரத்துப்போகும், இடுப்பு விட்டுப்போகும், எழுந்து நடக்கும்போது சுவரைப் பிடித்துக்கொண்டுதான் நடப்பார். அவர் தலை சாய்ந்த இடத்தில் வெள்ளைச் சுவரில் எண்ணெய்க் கறை படிந்துவிட்டது. அவர் எழுந்திருக்க வேண்டிய நேரத்தில் மட்டும் நாற்காலியைக் கவிழ்த்து வைப்போம்.

"நீங்க படுங்க கொஞ்சம்" என்பார் அண்ணி.

"நான் படுத்துக்கிட்டுத்தான இருக்கேன். சினிமா பாக்கற மாதிரி இருக்கு" என்பார் அவர்.

ஒரு நாள் காலை, அவர் நெஞ்சில் சாய்ந்தபடியே அண்ணி போய்விட்டார். தூங்குகிறாள் என்று நினைத்து அவர் வெகுநேரம் அசையாமல் உட்கார்ந்திருந்திருக்கிறார். நான் போனபோது, சத்தம் போடாதே என்று எனக்குக் கையால் சாடை காட்டினார். நான் கிட்டப் போய் அண்ணியின் கையைத் தொட்டுப் பார்த்தேன். அதை அவரிடம் எப்படிச் சொன்னேன் என்று எனக்கு ஞாபகமில்லை. அழுதது மட்டும் ஞாபகமிருக்கிறது.

சாவுச் செய்தியை யாரும் மறைக்க முடியாது இல்லையா. சில நாள் கழித்துத் தையல்காரர் மனைவி, ஊருக்கு வந்திருந்த மகளைப் பிடித்துக்கொண்டு, ஊன்றுகோலோடு துக்கம் விசாரிக்க வந்தார். கையில் ஒரு துணிப்பொட்டலம். நானும் அப்போது அங்கே இருந்தேன்.

கொஞ்ச நேரம் அழுதுவிட்டு, பொட்டலத்தைப் பிரித்தார். ஒரு மெத்தை உறை. கெட்டித் துணி, ஓரமெல்லாம் கைத்தையல்.

"இந்த நேரத்துல இதைப் பேசக் கூடாது அண்ணே, மன்னிச்சுக்கோங்க. அவர் படுத்துட்டே தெச்சது. உங்க கட்டிலுக்கு. கட்டிலத் திருப்பிக் கொடுக்கறப்ப இதையும் சேர்த்து நீயே அவர் கையில கொடுக்கணும், நேர்ல நன்றி சொல்லணும்னு சொல்லிட்டுப் போனார். நானும் எல்லாத்தையும் தொடச்சு வெச்சிட்டு வாசல்லயே உக்காந்திருந்தேன். ஆள் படுத்திருக்கறவரைக்கும் நீங்க சுத்திப் போவீங்கன்னு தெரியும், அவர் போயிட்டதால இனி பழையபடி எங்க தெரு வழியாத்தான பட்டறைக்குப் போவீங்க? இன்னைக்கு வருவீங்க, நாளைக்கு வருவீங்கன்னு பாத்தேன். நீங்க வரவேயில்ல. உங்களை மாதிரிப் பெரியவங்களைக் கூலி ஆளைக் கூப்பிடற மாதிரி 'வந்து எடுத்துட்டுப் போங்க'ன்னு சொல்லி அனுப்ப மனசு வரல."

கட்டில் துடைத்து வைத்துக் காத்திருந்திருக்கிறது. அந்த அக்கா வாசலில் உட்கார்ந்து இவர் வருகிறாரா என்று பார்த்திருக்கிறார். இவர் அவருக்கு வலிக்கக் கூடாது என்று ஊரைச் சுற்றிப் போயிருக்கிறார். நான் வாயைத் திறந்தேன். அண்ணன் என்னைப் பார்த்தார். மூடிக்கொண்டேன்.

"அண்ணிக்கு என்ன அண்ணே ஆச்சு? எனக்கு யாருமே சொல்லலையே."

"நெஞ்சுதான்மா. சட்டுனு போயிடுச்சு. ரொம்பக் கஷ்டப்படல" என்றார் அண்ணன். வாழ்க்கையில் அவர் சொல்லி நான் கேட்ட ஒரே பொய். "கட்டிலுக்கு என்ன அவசரம்? நாளைக்கு நானே வந்து எடுத்துக்கறேன்."

உறையை வாங்கித் தையலைத் தடவிப் பார்த்து, "நல்லா தெச்சிருக்கார்" என்றார். அந்த அக்கா கிளம்புவதற்கு முன் அண்ணி இருந்த, இன்னும் எதையும் எடுத்து வைக்காத அறைக்குள் போய்ச் சிறிது நேரம் நின்றுவிட்டு வந்தார். மகளின் தோளைப் பிடித்துக்கொண்டு மெல்லப் படியிறங்கிப் போனார்.

மறுநாள் அண்ணன் அந்தத் தெரு வழியாக நேராக நடந்து போனார். கட்டிலைப் பட்டறைக்குக் கொண்டுவந்து போட்டார். கைப்பிடியைச் சுற்றித் தலைப்பக்கத்தை நன்றாக உயர்த்தி வைத்துவிட்டு, அதன் பக்கத்தில் ஒரு முக்காலியைப் போட்டு உட்கார்ந்திருந்தார். பட்டறைக்காரர் பயந்துபோய் எனக்கு ஆள் அனுப்பினார். நான் போனபோது, "இந்த அளவு இருந்தா போதும் அவளுக்கு, இல்ல?" என்று கேட்டார். போதும் அண்ணே என்றேன். பிறகு அவரே எழுந்து தாழ்த்திவிட்டார்.

அடுத்த கூட்டத்தில் தலைவர், உயிர் போய் ஒரு மாதத்துக்குள் கட்டிலைத் திருப்பிக் கேட்கலாம் என்று ஒரு தீர்மானம் கொண்டுவந்தார். நல்ல எண்ணத்தில்தான். மாடி ஏறாத அண்ணன் அன்றைக்கு ஏறி வந்திருந்தார்.

"கேக்க வேண்டாம்" என்றார். "தப்பு கேக்காததுல இல்ல. நான் அந்தத் தெருவுல நடந்திருக்கணும். அவ்ளோதான்."

தீர்மானம் விழுந்தது. அதன் பிறகு அண்ணனின் வழி மாறியது. ஆள் உயிரோடு இருக்கிறவரை சுற்றித்தான் போவார். உயிர் போய்விட்டதென்றால், துக்கம் கொஞ்சம் ஆறியதும், அந்தத் தெருவில் தினமும் ஒரு முறை, அங்கே ஏதும் வேலை இல்லாவிட்டாலும், மெதுவாக நடந்துவிட்டு வருவார். எந்த வீட்டையும் பார்க்க மாட்டார். கூப்பிட நினைப்பவர்கள் கூப்பிடட்டும் என்று நடப்பார், அவ்வளவுதான்.

இது நடந்து சில வருடம் கழித்துத் தையல்காரர் மனைவிக்கே மூச்சு வாங்கத் தொடங்கியது. மகள் வந்து தங்கினாள். கட்டில் கேட்டு என் கடைக்கு வந்தாள். அண்ணன் பட்டறையில் இருந்த கட்டில்களில் அதே கட்டிலைத்தான் எடுத்தார், தையல்காரர் தைத்த உறையைப் போட்டார். அந்தத் தள்ளாத வயதிலும் ஏறிப் படுத்துக் காட்டினார். அந்த அக்கா சிரித்தார். மறுநாளிலிருந்து இவர் பழையபடி சந்தைப் பக்கம் சுற்றத் தொடங்கினார்.

ஊசி மருந்து கொண்டுபோன ஒரு மத்தியானம், மகள் சமையலறையில் இருந்தபோது, அந்த அக்கா என் கையைப் பிடித்துக்கொண்டார்.

"உங்ககிட்ட ஒண்ணு சொல்லணும். எனக்கு அன்னைக்கே தெரியும்."

"என்னக்கா?"

"அந்த ரூமுக்குள்ள போனேன்ல. நாற்காலியக் கவுத்துத் தலகாணி அடுக்கி வெச்சிருந்தது. எங்க வீட்டுக்காரருக்குக் கட்டில் வர்றதுக்கு முன்னாடி நானும் அப்படித்தான வெச்சேன்? நாற்காலியப் பாத்ததுமே தெரிஞ்சுபோச்சு. அப்புறம் சுவத்துல அந்தக் கறை. அவர் தலை இருந்த இடம்." மூச்சு வாங்கினார். நான் கைப்பிடியை இரண்டு சுற்றுச் சுற்றி உயர்த்தினேன். "என் வீட்டுல கட்டில் சும்மா கிடந்துது. அங்க அந்தப் புண்ணியவதி..."

"அக்கா, நீங்க வேணும்னேவா செஞ்சீங்க?"

"இல்லதான். ஆனா போகாது அது."

"அப்போ ஏன் அவர்கிட்ட ஒண்ணும் சொல்லல?"

"சொல்லியிருந்தா அவர் எனக்கு ஆறுதல் சொல்ல உக்காந்திருப்பார். பொண்டாட்டியப் பறிகொடுத்த மனுஷன், எனக்கு ஆறுதல் சொல்லணுமா? எனக்குத் தெரியக் கூடாதுன்னுதான பொய் சொன்னார். தெரியாதவளாவே இருந்துட்டேன். நீங்களும் சொல்லிடாதீங்க."

சொல்ல மாட்டேன் என்று கையில் கை வைத்துச் சொன்னேன். அன்றைக்குக் கடையைத் திறக்க மனசில்லாமல் வீட்டில் போய்ப் படுத்துவிட்டேன்.

மழை தூறிக்கொண்டிருந்த ஒரு காலையில் அந்த அக்கா போனார். அன்று மாலை, அடக்கம் முடிந்து ஆட்கள் வீட்டுக்குத் திரும்பியும் திரும்பாமலும் இருக்கிற நேரத்தில், மகளிடமிருந்து ஆள் வந்துவிட்டது. கட்டிலை உடனே எடுத்துக்கொள்ளச் சொன்னாள். நானும் அண்ணனும் போனோம். பட்டறைக்காரர் தள்ளுவண்டியைத் தள்ளிக்கொண்டு பின்னால் வந்தார்.

கட்டில் அதற்குள் வாசலுக்கே வந்திருந்தது. துடைத்து, தலைப்பக்கத்தைத் தாழ்த்தி, உறையைத் துவைக்கப் போட்டு, வேறு வெள்ளைத் துணியால் மூடி வைத்திருந்தார்கள். மகள் அழுத கண்ணோடு நின்றாள். "மூச்சு நின்ன உடனே சொல்லி அனுப்பிடணும், ஒரு நாள்கூட வெச்சிருக்கக் கூடாதுன்னு அம்மா சத்தியம் வாங்கிட்டாங்க மாமா" என்றாள்.

அண்ணன் கட்டிலின் இரும்பை ஒரு கையால் பிடித்துக்கொண்டார். இத்தனை வருடத்தில் எந்த வீட்டிலிருந்தும் அவ்வளவு சீக்கிரம் கட்டில் திரும்பியதில்லை. அவருக்கு அது பொறுக்கவில்லை. நாம் ஏதோ கேட்டுவிட்டதுபோல் ஆகிவிட்டதே என்று முகம் வாடிப்போனது. வண்டியில் ஏற்றிக்கொண்டு தெருவில் வரும்போது என் பக்கம் திரும்பினார்.

"ஏம்மா இவ்ளோ அவசரம்? நாம என்ன கேட்டோமா?"

தெரியலண்ணே என்றேன்.